யார் தலையில் கட்டிய சமரசம்?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பேசியே தீர்த்திருக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமை முறை அதில் பத்தோடு பதினொன்று, இரண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் அத்தனை லட்சம் பேர் செத்திருக்க வேண்டாம் என்று வகுப்புத் தோழர் ஒருவர் அடித்துப் பேசியதாகவும், பதில் தெரியாமல் நீ பேசாமல் இருந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததில் தப்பே இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடாதே. போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய சங்கதி இல்லை என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

அவர்கள் பேசவில்லை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. 1787இல் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து 1861இல் முதல் பீரங்கி வெடித்த நாள் வரை எழுபது வருடங்களுக்கு மேல் பேசினார்கள். ஹென்றி கிளே, டேனியல் வெப்ஸ்டர், ஜான் கால்ஹூன் என்று அந்த நாடு கண்ட பெரிய நாவலர்களெல்லாம் இதைத்தான் பேசினார்கள். பேசிப் பேசிப் பல உடன்பாடுகளும் கண்டார்கள். அந்த உடன்பாடுகள் எழுதப்பட்ட அறைகளில் ஒரு தரப்பு மட்டும் ஒருபோதும் உட்காரவில்லை. எவர்களுடைய உடம்பும் உழைப்பும் பிள்ளைகளும் பேரத்துக்கு வந்தனவோ, அவர்கள்தான் அந்தத் தரப்பு. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விவரம்.

நீ இருக்கிற செயின்ட் லூயிஸ் இதைப் படிக்கத் தோதான ஊர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 630 அடி உயரத்துக்கு நிற்கும் எஃகு வளைவு, மேற்கே மேற்கே என்று அந்த நாடு விரிந்ததற்கு எழுப்பிய நினைவுச் சின்னம். அதற்கு எதிரே, நடந்து போகிற தூரத்தில் பழைய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. ட்ரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட் என்ற அடிமைத் தம்பதியின் விடுதலை வழக்கு அங்கேதான் நடந்தது. அதே கட்டடத்தின் படிகளில், இறந்தவர்களின் சொத்தைத் தீர்க்கும்போது மேசை நாற்காலியோடு மனிதர்களையும் ஏலம் போட்டிருக்கிறார்கள். வளைவும் நீதிமன்றமும் இன்று ஒரே தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. நாடு விரிந்த கதையையும் உடைந்த கதையையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

நிலம் எப்படி இந்தச் சண்டையில் வந்து மாட்டியது என்று புரிய ஒரு கணக்கு தெரிய வேண்டும். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம். அந்தத் தொகையை எண்ணும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கில் எடுத்தார்கள். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவரை வைத்திருந்தவரின் மாநிலத்துக்கு அவர் பேரால் கூடுதல் இடம் கிடைத்தது. செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ, தலைக்கு இரண்டு ஓட்டு. குடியேறிகள் வடக்கில் வந்து குவியக் குவியப் பிரதிநிதிகள் சபையில் அடிமை முறை இருந்த தெற்கின் பிடி தளர்ந்தது. அவர்களுக்கு மிஞ்சிய கோட்டை செனட். ஆக, புதிதாக ஒரு நிலப்பகுதி மாநிலமாகச் சேரும் ஒவ்வொரு முறையும், அங்கே அடிமை முறை உண்டா இல்லையா என்ற கேள்வி அதிகாரம் யார் கையில் என்ற கேள்வியாக மாறியது. நாடு சும்மா இருந்திருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்ச காலம் மழுப்பியிருப்பார்கள். நாடு வளர்ந்துகொண்டே போனதால் கேள்வியும் திரும்பத் திரும்ப வந்து வாசலில் நின்றது.

நாடு சும்மா இருக்கவும் பருத்தி விடவில்லை. எலி விட்னி 1793இல் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். அதுவரை குட்டை இழைப் பருத்தியில் ஒரு பவுண்டு சுத்தம் செய்யவே ஓர் ஆளுக்கு நாள் முழுக்கப் பிடித்தது. எந்திரம் வந்ததும் அந்த முட்டுக்கட்டை போய்விட்டது. காட்டில் பயிரிடவும் பறிக்கவும் ஆள் வேண்டும் என்ற தேவை மட்டும் நின்றது. 1790இல் சுமார் 3,000 பேல் விளைந்த நாட்டில் 1860இல் சுமார் 40 லட்சம் பேல் விளைந்தது. அடிமைகளின் எண்ணிக்கை இதே காலத்தில் 7 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 40 லட்சமாக ஏறியது. அடிமை முறை தானாகத் தேய்ந்து மறைந்துவிடும் என்று சாசனம் எழுதியவர்களில் பலர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்த பிறகும் அந்த ஆறுதலை யாரும் நம்பியிருக்க முடியாது.

பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய காடு இளைத்தால் புதுக் காடு தேடி மேற்கே போனார்கள். 1803இல் நெப்போலியனிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதில் நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நெப்போலியன் ஏன் விற்றார் தெரியுமா? இன்று ஹைட்டி என்று சொல்கிறோமே, அந்தத் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். தீவு கைவிட்டுப் போவது உறுதியானதும் அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு கட்டும் ஆசையும் அவருக்குப் போய்விட்டது. அடிமைகள் ரத்தம் சிந்தி வென்ற ஒரு போரால் கைமாறிய மண், இன்னும் பல லட்சம் அடிமைகளின் முதுகில் பருத்திக் காடானது. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பிப் பக்கத்து நிலத்தில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்காதே. செரோக்கி, க்ரீக், சோக்டா, சிக்கசா, செமினோல் என்ற பூர்வகுடிகள். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830இல் கொண்டுவந்த சட்டம் அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் துரத்தியது. 1838-39இல் செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேரைக் கிளப்பி நடக்க வைத்தார்கள். ஏறக்குறைய 4,000 பேர் வழியிலும் முகாம்களிலும் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் போன மண்ணில் பருத்தி வந்தது.

பருத்திக்கு ஆள்? 1808க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரத் தடை. அதனால் உள்நாட்டு வியாபாரம் பெருகியது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மண் தளர்ந்துபோயிருந்தது. அங்கே மனிதர்களை விற்பதே லாபமான தொழிலானது. வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலெக்சாண்டிரியா ஊரில் ஃபிராங்க்ளின் அண்ட் ஆர்ம்ஃபீல்டு என்ற கம்பெனி இதற்கென்றே கொட்டடிகளோடு கடை வைத்திருந்தது. ஆண்களை இரண்டிரண்டு பேராகக் கைவிலங்கிட்டு, நீண்ட சங்கிலியில் கோத்து, பெண்களையும் பிள்ளைகளையும் பின்னால் நடத்திக்கொண்டு மிசிசிப்பியின் நாச்செஸ் சந்தைக்கும் லூசியானாவுக்கும் ஓட்டிப் போனார்கள். வாரக்கணக்கில் நடை. 1860 வரை இப்படிக் கிழக்கிலிருந்து தெற்கு, மேற்குப் பக்கம் தள்ளப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். கணவன் ஓர் இடம், மனைவி ஓர் இடம், குழந்தை மூன்றாவது இடம் என்று விற்பது அந்தத் தொழிலில் அன்றாட நடைமுறை. போர் முடிந்த பிறகு பல ஆண்டுகள் வரை கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன: என் அம்மா பெயர் இது, எங்களை விற்றவர் பெயர் இது, கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில், தகவல் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று. கிடைத்தால் அந்த விளம்பரங்களில் நாலைந்தையாவது படி. நாடு விரிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

இனி சமரசங்களுக்கு வருகிறேன்.

நீ இருக்கும் மிசூரி 1819இல் மாநிலமாகச் சேரக் கேட்டது. அந்த ஆண்டு முடிவில் அடிமை மாநிலங்கள் பதினொன்று, மற்றவை பதினொன்று. நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் ஒரு திருத்தம் கொடுத்தார்: மிசூரிக்குள் இனி புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, இனி அங்கே பிறக்கும் அடிமைக் குழந்தைகளை இருபத்தைந்து வயதில் விடுவிக்க வேண்டும். எவ்வளவு மிதமான கோரிக்கை பார்! பிரதிநிதிகள் சபை ஏற்றது, செனட் தள்ளியது. நாடே இரண்டுபட்டது. கடைசியில் 1820இல் மெய்ன் அடிமை இல்லாத மாநிலமாகவும் மிசூரி அடிமை மாநிலமாகவும் சேரலாம் என்று முடிவானது. லூசியானா நிலப்பரப்பின் மிச்சத்தில் 36 பாகை 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கிடையாது என்று ஒரு கோடு கிழித்தார்கள். மிசூரியில் அப்போது சுமார் பத்தாயிரம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயதில் வந்திருக்க வேண்டிய விடுதலைதான் அந்தச் சமரசத்தின் விலை. கொடுத்தவர்கள் அவர்கள், அனுபவித்தவர்கள் மற்றவர்கள்.

அந்த ஆண்டு முன்னாள் அதிபர், முதிய ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில், இந்தச் செய்தி நடுராத்திரியில் அடிக்கும் தீ மணி போலத் தன்னை உலுக்கியதாக எழுதினார். கோடு கிழித்தது ஒத்திவைப்புதான், தீர்ப்பு ஆகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு தெளிவாகப் பார்த்த மனிதர் அதே கடிதத்தில், அடிமைகளைப் பரந்த நிலத்தில் பரப்பிவிட்டால் அவர்கள் நிலை மேம்படும், விடுதலையும் சுலபமாகும் என்று வாதிட்டார். வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவர் அவர். அறிவு இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்பாதே அம்மா. தன் வீட்டு அடுப்பு எதனால் எரிகிறது என்ற கேள்விக்கு முன்னால் பெரிய அறிவாளிகளும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

அந்தக் கோடு லூசியானாவுக்கு மட்டும்தான். அடுத்த நிலம் வந்ததும் அடுத்த சண்டை. மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது; அதன் டெக்சாஸ் பகுதியில் அடிமைகளோடு வந்து குடியேறியிருந்த அமெரிக்கர்கள் 1836இல் பிரிந்து தனி நாடானார்கள், தங்கள் சாசனத்தில் அடிமை முறைக்குக் காப்பும் எழுதிக்கொண்டார்கள். 1845இல் டெக்சாஸை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. மறு வருடம் மெக்சிகோவோடு போர். மாசசூசெட்ஸில் ஹென்றி டேவிட் தோரோ, அடிமை முறையையும் இந்தப் போரையும் தாங்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று மறுத்து 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். பின்னாளில் காந்தி விரும்பிப் படித்த அவருடைய சட்டமறுப்புக் கட்டுரை பிறந்தது அதிலிருந்துதான். அந்தப் போரில் இளம் அதிகாரியாகச் சண்டையிட்ட யுலிசிஸ் கிராண்ட், உள்நாட்டுப் போர் பெருமளவு மெக்சிகோ போரின் விளைவே என்று முதுமையில் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். வடக்கின் படைகளை வெற்றிக்கு நடத்தியவரின் வாக்குமூலம் அது.

போர் நடக்கும்போதே, பென்சில்வேனியாவின் டேவிட் வில்மாட், மெக்சிகோவிடம் பெறப்போகும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. கவனி, அந்த ஓட்டு கட்சிவாரியாக விழவில்லை. வடக்கத்தியர் ஒரு பக்கம், தெற்கத்தியர் ஒரு பக்கம் என்று விழுந்தது. அதற்குச் சற்று முன்பே மெதடிஸ்ட் சபை 1844இலும் பாப்டிஸ்ட் சபை 1845இலும் அடிமை விவகாரத்தில் வடக்கு, தெற்கு என்று பிளந்துவிட்டன. ஒரே வேதத்தைப் படித்தவர்கள் ஒரே கூரையின் கீழ் ஜெபிக்க முடியாமல் போன பிறகு கட்சிகள் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

1848 பிப்ரவரி 2இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, கலிபோர்னியா தொடங்கி நியூ மெக்சிகோ வரையிலான பெரும் பரப்பு வந்து சேர்ந்தது. கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்னால் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டிருந்தது. ஜனம் வெள்ளமாய்ப் பாய்ந்தது, ஆறப்போட நேரமில்லை. 1850இல் மறுபடி ஒரு சமரசம். கலிபோர்னியா அடிமை இல்லாத மாநிலம். யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியேறியவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். தெற்கைச் சமாதானப்படுத்த, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கக் கடுமையான சட்டம்.

இந்தச் சட்டத்தை மட்டும் நின்று பார். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் தானே சாட்சி சொல்லவும் கூடாது. விசாரிக்கும் ஆணையர், இவர் அடிமைதான் என்று ஒப்படைத்தால் அவருக்குக் கட்டணம் பத்து டாலர்; விடுவித்தால் ஐந்து டாலர். தப்பியவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வடக்கு மாநிலத்துச் சாதாரணக் குடிமகனையும் பிடிக்க உதவு என்று கட்டளையிட முடியும். அடிமை முறை எங்கோ தெற்கில் நடக்கிறது, நமக்கென்ன என்று இருந்தவர்களின் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்தச் சட்டம்தான். 1854 ஜூன் 2 அன்று ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பாஸ்டன் தெருக்களில் படைவீரர்கள் சூழக் கப்பலுக்கு நடத்திப் போனார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. விடுதலை என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பல்லாயிரம் பேர் நின்று பார்த்தார்கள். நேற்றுவரை சமரசம் பேசிய பாஸ்டன் வியாபாரிகள் பலர் அன்றைக்கு மனம் மாறினார்கள். ஓராண்டுக்குள் பாஸ்டனின் கறுப்பினத் திருச்சபை மக்கள் பணம் திரட்டி அவரை மீட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்ன்ஸ் அப்படி நடத்திச் செல்லப்பட்ட அதே வாரத்தில்தான் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்துக்குக் கையெழுத்தும் விழுந்தது. இலினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், பசிபிக் கடல் வரை ரயில் பாதை போட அந்த நிலத்தை ஒழுங்கு செய்ய நினைத்தார். தெற்கின் ஓட்டு வேண்டுமே! 1820இல் கிழித்த கோட்டை அழித்தார். முப்பத்து நான்கு வருடம் புனிதமாகக் கருதிய கோடு அது. அங்கே குடியேறுபவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1855 மார்ச்சில் கான்சாஸில் தேர்தல் நடந்தது. பதிவான வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த ஓட்டுகள் 6,000க்கும் மேல். மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடிமை ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பிறகு தீ வைப்பும் கொலையும். 1856 மே 22 அன்று, கான்சாஸ் அக்கிரமத்தைப் பற்றிப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரைத் தென் கரோலினா உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்துக்குள்ளேயே கைத்தடியால் ரத்தம் வழிய அடித்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். இரண்டு நாளில் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் கான்சாஸில் அடிமை முறை ஆதரவாளர்கள் ஐந்து பேரைப் படுக்கையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றார்கள்.

இப்போது ஸ்காட் குடும்பத்துக்கு வருகிறேன். ட்ரெட் ஸ்காட்டை வைத்திருந்தவர் ராணுவ மருத்துவர். அவரோடு இலினாயிலும், பிறகு 1820 கோட்டுக்கு வடக்கே இன்றைய மினசோட்டாவில் இருக்கும் ஸ்னெல்லிங் கோட்டையிலும் ஸ்காட் வருடக்கணக்கில் வாழ்ந்தார். இரண்டும் அடிமை முறை தடைசெய்யப்பட்ட மண். ஹாரியட்டை மணந்ததும் அங்கேதான். மூத்த மகள் எலிசா பிறந்தது மிசிசிப்பி ஆற்றில் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகில், மிசூரி எல்லைக்கு வடக்கே. சட்டப்படி பார்த்தால் விடுதலை மண்ணில் பிறந்த பிள்ளை. 1846 ஏப்ரலில் கணவனும் மனைவியும் உன் ஊர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள். ஹாரியட் துணி வெளுத்துப் பிழைத்தவர். இரண்டு பெண்பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்; வளர்ந்தால் சந்தையில் விலை ஏறும். எந்த நிமிடத்திலும் விற்றுவிடலாம். 1850இல் ஜூரி அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. 1857 மார்ச் 6 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ராஜர் டானி, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, வழக்குப் போடவே உரிமை இல்லை என்றார். அதோடு நிற்காமல், கூட்டாட்சி நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை, 1820 கோடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும் தீர்ப்பளித்தார். பிரச்சினையை ஒரேயடியாக முடித்துவைத்துவிட்டதாக அவர் நினைத்தார். பேசித் தீர்க்க இருந்த கடைசி வழியையும் அடைத்துவிட்டார். மூன்று மாதத்துக்குள், அந்த மருத்துவருக்கு முன்னால் ஸ்காட்டை வைத்திருந்தவரின் குடும்பத்தார் ஸ்காட் குடும்பத்தைத் தங்கள் பெயருக்கு வாங்கி விடுவித்தார்கள். விடுதலையாகி ட்ரெட் ஸ்காட் ஒன்றரை வருடம்கூட வாழவில்லை.

உன் தோழரின் மாநில உரிமை வாதத்துக்கு வருவோம். அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் என்ன? வடக்கு மாநிலங்களின் சொந்தச் சட்டங்களை மிதித்துக்கொண்டு மத்திய அரசு உள்ளே நுழைந்த சட்டம். அதைக் கேட்டு வாங்கியது தெற்கு. அந்தச் சட்டத்தை வடக்கு மாநிலங்கள் சரியாக நிறைவேற்றவில்லை என்பதையே தென் கரோலினா பிரிந்துபோவதற்கான காரணமாக 1860 டிசம்பர் அறிவிப்பில் எழுதியது. பிரிந்தபின் அவர்கள் தங்கள் கூட்டமைப்புக்கு எழுதிக்கொண்ட சாசனம், புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அடிமை முறையை ஏற்றுக் காக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்கே போயிற்று? மிசிசிப்பியின் அறிவிப்போ தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. 1860இல் அடிமைகளின் சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகளையும் ஆலைகளையும் சேர்த்தால் வரும் மதிப்பைவிட அதிகம் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அவ்வளவு பெரிய சொத்தைக் காக்கத்தான் பிரிந்தார்கள்.

லிங்கன் 1860இல் அதிபர் தேர்தலில் ஜெயித்தபோது, இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையில் கைவைக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். அதற்கு உத்தரவாதமாக ஒரு சாசனத் திருத்தம் வந்தபோது அதையும் எதிர்க்கவில்லை. புதிய நிலத்துக்குப் பரவக் கூடாது என்ற ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். செனட்டர் கிரிட்டென்டன் பழைய கோட்டைப் பசிபிக் வரை நீட்டி ஒரு சமரசம் சொன்னபோது, அதற்கு மட்டும் இணங்காதீர்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்கு எழுதினார். பரவாத அடிமை முறை மெல்லச் சாகும் என்று அவருக்கும் தெரியும், தெற்குக்கும் தெரியும். அவர் பதவி ஏற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன. 1861 ஏப்ரல் 12 அன்று தெற்கத்தியர் சம்டர் கோட்டை மீது சுட ஆரம்பித்தார்கள். மாண்ட வீரர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் சொன்னார்கள். இப்போதைய ஆய்வுகளில் 7,50,000 என்ற கணிப்பும் இருக்கிறது. விட்டுக்கொடுத்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்கிறவர், நாற்பது லட்சம் பேர் இன்னும் எத்தனை தலைமுறைக்கு விலைபோயிருக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லட்டும்.

இதைப் படித்துவிட்டு வடக்கைக் கோயிலில் வைத்துவிடாதே. வில்மாட் தன் தீர்மானத்தை வெள்ளைத் தொழிலாளர்களின் நன்மைக்காகவே கொண்டுவந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ஓரிகன் 1857இல் எழுதிய சாசனம் கறுப்பினத்தவர் அங்கே வந்து குடியேறவே தடை விதித்தது. நியூயார்க்கின் வங்கிகளும் மாசசூசெட்ஸின் நெசவாலைகளும் அடிமைகள் பறித்த பருத்தியில்தான் கொழுத்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளும் அப்படியே. அந்தப் பருத்தியையே நம்பியிருக்க வேண்டாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் அமெரிக்கத் தென் மாநிலத்துப் பருத்திக்காரர்களை இந்தியாவுக்குக் கூட்டிவந்தது. நம் கோவைச் சீமையில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் பத்து வருடம்போல அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்த்தார். அங்கே போர் மூண்டு கப்பல்கள் நின்றபோது இந்தியப் பருத்தி விலை எகிறியது; தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிப் பருத்தி போனது; போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் ஊர்ச் சாதிக் கொடுமையைப் பார்த்துக்கொண்டே அந்தப் போரைப் படித்த மனிதர் அவர். நீயும் அப்படிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

உன் தோழரிடம் கோபப்படாதே. பல தலைமுறைகளாக அங்கே பள்ளிப் புத்தகங்களிலேயே இப்படி எழுதி வைத்திருந்தார்கள். அவர் படித்ததைச் சொல்கிறார். அவரை ஜெயிப்பதற்காகப் பேசினால் இரண்டு பேருக்கும் பிரயோசனமில்லை. ஆனால் இனி எங்கே, எவர், எந்த விவகாரத்தில் சமரசம் என்ற பேச்சை எடுத்தாலும், வீட்டிலோ ஆபீசிலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ, அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேள். இல்லையென்றால் அவரைக் கூப்பிடச் சொல். கூப்பிட மறுத்தால் நீ அதற்குத் தலையாட்டாதே.

தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் ஏன் பிரிகிறோம் என்று விரிவாக எழுதிய அறிவிப்புகள் உன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். முதலில் நீ படி. பிறகு அவரையும் உட்காரவைத்து, இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா